பெருவிரல் போகும் இடம்

எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறேன் என்று சொன்னால், பார்க்க வருபவர்கள் முதலில் கேட்பது "என்ன கலர் அடிக்கப் போறீங்க?" என்றுதான். அடுத்து மரத்தைப் பற்றிக் கேட்பார்கள், பிறகு பிக்கப்பைப் பற்றி. நெக்கின் பின்பக்கத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வாசிப்பவரின் பெருவிரலும் உள்ளங்கையும் மணிக்கணக்கில் படிந்து கிடப்பது அங்கேதான். அந்த ஒன்றரை அடி மரப்பரப்பும், அதன் மறுபக்கத்தில் வரிசையாக நிற்கும் 22 பிரெட்களின் முனைகளும்தான் ஒரு கிட்டாரைக் கீழே வைக்க மனம் வராத கிட்டாராக ஆக்குகின்றன. வீட்டில் உட்கார்ந்து ஒரு கருவியைச் செய்வதற்கு எனக்குத் தெரிந்த உருப்படியான காரணமும் இதுதான். தொழிற்சாலையால் அந்த இடத்துக்கு ஒதுக்க முடியாத நேரத்தை நம்மால் ஒதுக்க முடியும்.

பகலில் நான் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின் பார்க்கும் மெக்கானிக். திருப்பூர் ராயபுரத்தில் வீட்டு மாடி அறைதான் பட்டறை. ஒரு கனமான மேஜை, பென்ச் வைஸ், கை ரூட்டர், இழைப்புளி, உளி, அரங்கள், கட்டுக்கட்டாக உப்புத்தாள். ட்யூனர், பிரிட்ஜ், நெக்குக்குள் ஓடும் டிரஸ் ராட், பிரெட் கம்பி இவையெல்லாம் கூரியரில் வரும். மற்றதை ஊருக்குள்ளேயே தேடிக்கொள்கிறேன். நெக்கின் வளைவை அளக்க நான் வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், நிட்டிங் மெஷினில் டயலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கிற அதே கேஜ்தான்.

மரத்துக்கு மில்லைவிட, இடித்த வீட்டுச் சாமான் விற்கும் கடையே மேல். பழைய தேக்கு நிலையும் ஜன்னல் சட்டமும் பல பத்தாண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்று பழகியவை. முறுக்கிக்கொள்ள வேண்டியது எல்லாம் முன்பே முறுக்கி முடித்திருக்கும். நெக்குக்கு ரேகை நேராக ஓடுகிற துண்டாகப் பொறுக்க வேண்டும். உள்ளே ஆணி உடைந்து கிடக்கிறதா என்று காந்தத்தை வைத்துத் தடவிப் பார்த்த பிறகுதான் ரூட்டரை எடுக்கலாம். தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு என்பதால் பசை போடும் முன் தின்னரால் துடைத்துவிட வேண்டும். ஃபிரெட்போர்டுக்கு ஈட்டி மரம். 'இந்தியன் ரோஸ்வுட்' என்று உலகத்துக் கிட்டார்களில் எல்லாம் ஒட்டியிருப்பது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் மரம்தான். அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994இலேயே தனிச் சட்டம் வந்தது. ஆகவே பழைய கட்டில் சட்டமோ பீரோப் பலகையோ கிடைத்தால் அதையே அறுத்துக்கொள்கிறேன். அதன் தூள் மூச்சுக்கும் தோலுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் தேய்க்கவே கூடாது.

பழைய மரத்தில் கிட்டார் செய்தவர்களில் பெரிய பெயர் பிரையன் மே. லண்டனில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1963இல், தந்தை ஹெரால்டுடன் சேர்ந்து வீட்டிலேயே ஒரு கிட்டாரைத் தொடங்கினார். முடிக்க ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆயிற்று. நெக் ஒரு பழைய கணப்படுப்பின் மகாகனிச் சட்டத்திலிருந்து வந்தது. ட்ரெமலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்கைப் போட்டார்கள். அதை அசைக்கும் கைப்பிடியின் நுனி அம்மாவின் பின்னல் ஊசியிலிருந்து வந்தது. ஃபிரெட்போர்டில் பதித்த புள்ளிகள் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பட்டன்கள். குவீன் குழுவின் பாட்டுகளில் உலகம் கேட்டது அந்தக் கருவியைத்தான். பட்டனும் ஊசியும் பிழைப்பாக இருக்கிற ஊரில் உட்கார்ந்து இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

பாடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீணைக்குக் குடம் போல எலெக்ட்ரிக் கிட்டாருக்குக் காற்றுப் பெட்டி தேவையில்லை. கம்பியின் அதிர்வைக் காந்தமும் சுருளும் மின்சாரமாக்கி ஆம்ப்புக்கு அனுப்பிவிடும். மாண்டலின் உ. ஸ்ரீனிவாஸ் ஐந்தே கம்பிகளோடு இப்படிப்பட்ட கெட்டிக் கட்டைக் கருவியில் கர்நாடக சங்கீதத்தின் கமகங்களை எல்லாம் வாசித்துக் காட்டிவிட்டார். ஆகவே பாடி சுமார் 45 மில்லிமீட்டர் தடிமனில், தோளுக்குப் பாரமில்லாமல், மடியில் வைத்தால் சாயாமல் இருந்தால் போதும்.

பிக்கப் சுற்றுவது தனிப் பொறுமை. 42 கேஜ் செம்புக் கம்பி, ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர். ஒரு ஸ்ட்ராட் பிக்கப்புக்கு எட்டாயிரம் சுற்றுக்கு அக்கம்பக்கம் வேண்டும். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் அமெரிக்காவில் முதல் பிக்கப்களைச் சுற்றியபோது வாஷிங் மெஷின் மோட்டாரைப் பயன்படுத்தினார் என்றும், பிறகு தையல் மெஷின் மோட்டாருக்கு மாறினார்கள் என்றும் சொல்வார்கள். நான் சுற்றுவதும் தையல் மெஷின் மோட்டாரில்தான். பெடலை மெல்ல மிதித்தால் மெல்லச் சுழலும், அதுதான் வசதி. கம்பியை இரு விரல்களுக்கு நடுவே சின்னத் துணி மடிப்பில் பிடித்துக்கொண்டால், இழுவை கூடுகிறதா தளர்கிறதா என்பதைக் கண்ணுக்கு முன்பே விரல் சொல்லிவிடும்.

பிரெட் விஷயத்தில் நம் ஊர் வீணையும் கிட்டாரும் எதிரெதிர் வழியில் போகின்றன. தஞ்சாவூரில் பலா மரத்தைக் குடைந்து வீணை செய்பவர்கள், தேன்மெழுகில் கரித்தூள் கலந்து தண்டியின் மேல் இரு வரப்பாக இட்டு, 24 பித்தளை மெட்டுகளை அதில் பதிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் கம்பியை மீட்டிக் காதால் கேட்டு, மயிரிழை நகர்த்தி நிறுத்துவார்கள். மேளம் கட்டுவது என்று இதற்குப் பெயர். வருஷங்கள் போய் மெழுகு தளர்ந்தால் மறுபடி மேளம் கட்டுவார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற வேலை அது. கிட்டாரில் முதல் வேலையே கணக்கு. கம்பியின் நீளம் 648 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817ஆல் வகுத்து வரும் 36.4 மில்லிமீட்டரில் முதல் பிரெட். மீதி நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் 34.3, முதல் பிரெட்டிலிருந்து அத்தனை தூரத்தில் இரண்டாவது. இப்படியே போனால் 12ஆவது பிரெட் சரியாகப் பாதியில், 324இல் வந்து நிற்கும். ரம்பத்தால் போட்ட கீறலை நகர்த்த முடியாது. ஒவ்வொரு அளவையும் முந்தைய பிரெட்டிலிருந்து அளக்காமல், கம்பியின் நீளம் தொடங்கும் நட்டிலிருந்தே கூட்டி அளந்தால் சின்னப் பிசகுகள் ஒன்றோடொன்று சேராது.

கணக்கு முடிகிற இடத்தில் கைவேலை தொடங்குகிறது. நெக்கின் தடிமனை முதல் பிரெட்டில் 21, 12ஆவதில் 23 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு நடுவே ஓடும் வளைவை எந்த எண்ணும் சொல்லாது. அரத்தால் சரிவுகளை எடுத்து, மூலைகளை மழித்து, நீளவாக்கில் உப்புத்தாளை இழுக்க இழுக்க வளைவு பிறந்துவரும். டியூப்லைட்டை அணைத்துவிட்டு டார்ச்சைப் படுக்கவைத்து அடித்தால் கீறல் தெரியும். மேடு தெரியாது. மேட்டுக்குக் கைதான் வேண்டும்.

எதிர் வீட்டில் செக்கிங் வேலைக்குப் போகும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு நெக்கையும் அவரிடம் ஒருமுறை கொடுத்துவிடுவேன். கிட்டாரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வாங்கி, வேறெங்கோ பார்த்தபடி, மேலிருந்து கீழாக ஒரே வீச்சில் தடவுவார். திரும்பி வரும்போது ஓரிடத்தில் கை நிற்கும்.

"தம்பி, இங்க என்னமோ தட்டுதே."

"எங்கீங்க அக்கா?"

"பெருவெரல் போற எடத்துல. நீயே தொட்டுப் பாரு."

பென்சிலால் அங்கே ஒரு வட்டம் போட்டுக்கொள்வேன். 240 தாளில் நாலு இழுப்பு, மறுபடி அவர் கையில். வருஷக்கணக்காக நாளெல்லாம் துணியைத் தடவி ஓட்டையும் நூல்தடிப்பும் தேடிய விரல் அது. இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேரிடம் இருக்கிற இந்தத் திறமையைச் சம்பளச் சீட்டில் 'ஹெல்பர்' வேலைக்குப் பக்கத்தில்தான் எழுதுகிறோம். அதற்கு உரிய மதிப்பை நாம் கொடுக்கவில்லை என்பது என் ஆதங்கம்.

வடிவம் வந்த பிறகு ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை துடைக்க வேண்டும். தேய்ப்பில் படுத்துக் கிடந்த நார்கள் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கும். காய்ந்ததும் தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். 320 தாளால் அவற்றை மட்டும் கொய்துவிட்டு மறுபடி ஈரம். நார் எழுவது நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். புதுத் துணியின் பிசிறை பயோ வாஷில் எடுத்துவிட்டுத்தான் நல்ல பனியனைப் பெட்டியில் போடுகிறார்கள். எடுக்காவிட்டால் கண்ணுக்குத் தெரியாது, நாலு துவைப்பில் தோலுக்குத் தெரிந்துவிடும். நெக்கும் அப்படியே. இப்போது நார் எழவிட்டுக் கொய்யாவிட்டால், வாசிப்பவரின் வியர்வை பட்டுப் பின்னால் எழும்.

பூச்சில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பாடிக்கு லாக்கர், நெக்குக்கு எண்ணெய். ஃபெண்டர் கம்பெனி 1950களில் கார்களுக்கு அடிக்கும் பெயின்ட்டையே கிட்டாருக்கும் அடித்தது. அந்தப் பளபளப்பு பாடிக்கு அழகு. ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்த கை பளபளக்கும் நெக்கில் ஒட்டிக்கொண்டு நிற்கும், வழுக்காது. குறைந்த விலைக்கு வாங்கிய பாடியையும் நெக்கையும் சேர்த்துத் தன் கிட்டாரைத் தானே கட்டிக்கொண்ட எட்டி வான் ஹேலனும் பூச்சில்லாத நெக்கையே விரும்பினார். நம் வெயிலுக்கு அது இன்னும் பொருந்தும். லின்சீட் ஆயிலை மெல்லிசாகத் தேய்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு, மிச்சத்தைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு மறுபடி தேய்ப்பது. மரத்தின் மேல் படலமாக நிற்காமல் உள்ளே இறங்கிய எண்ணெய்தான் கைக்கு உகந்தது.

துடைக்கும் துணிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஆனால் பனியன் வேஸ்ட் எல்லாமே உதவாது. சாயத்துணியை ஸ்பிரிட்டோ தின்னரோ தொட்டால் சாயம் கரைந்து மரத்தில் இறங்கிவிடும். வெள்ளைத் துணியிலும் சிலிகோன் சாஃப்ட்னர் போட்டது ஆகாது. அதன் சுவடு பட்ட இடத்தில் லாக்கர் பிடிக்காமல் வட்டம் வட்டமாக விலகி நிற்கும். ப்ளீச்சிங் முடிந்து, சாஃப்ட்னருக்குப் போகும் முன் எடுத்த இன்டர்லாக் துணிதான் சரி. லாக்கர் அடிப்பதை விடிகாலையில், தெரு மெஷின்கள் ஓடத் தொடங்கும் முன், தரையில் தண்ணீர் தெளித்துவிட்டுச் செய்கிறேன். இல்லாவிட்டால் காற்றில் மிதக்கும் பஞ்சு ஈர லாக்கரில் உட்கார்ந்துவிடும். ஐப்பசி மழையில் அடிப்பதே இல்லை. காற்றின் ஈரத்தில் லாக்கர் வெள்ளை பூத்துவிடும்.

இதைச் செய்ய நினைப்பவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. லின்சீட் ஆயில் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், எண்ணெய் காற்றோடு கூடும்போது பிறக்கும் சூடு உள்ளுக்குள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். வீட்டுக்கு வீடு துணிக்கட்டு அடுக்கியிருக்கும் ஊர் இது. துணியை வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் முக்குங்கள்.

கடைசியில் பிரெட் முனைகள். தட்டி இறக்கிய கம்பிகளை நேர்க்கட்டையில் ஒட்டிய தாளால் ஒரே மட்டமாக்கி, மார்க்கர் மையிட்டு, உச்சியில் மெல்லிய கோடு மட்டும் மிஞ்சும்வரை அரத்தால் வளைப்பது முதல் வேலை. முனை ஒவ்வொன்றையும் இரு பக்கமும் தனித்தனியாக உருட்டுவது அடுத்த வேலை. 22 பிரெட்டுக்கு 44 முனைகள், முனைக்கு இரண்டு மூலைகள். ராத்திரி சாப்பாடு முடித்து உட்கார்ந்தால் முனைகள் முடியாமல் எழ மனம் வராது. ஆறு கம்பிகளையும் மாட்டி முறுக்கினால் ஏறக்குறைய 46 கிலோ இழுவை நெக்கின் மேல் விழும். அதில் நெக் மிக லேசாக முன்வளைந்து, ஏழாவது பிரெட்டில் ஃபீலர் கேஜின் 0.25 தகடு நுழைய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் டிரஸ் ராடைக் கால் திருப்பு திருப்பினால் போதும்.

கிட்டாரைக் கொடுக்கும்போது அந்த இன்டர்லாக் துணியில் இரண்டு துண்டும் சின்ன எண்ணெய் பாட்டிலும் கூடவே தருகிறேன். வருஷத்துக்கு ஒருமுறை கம்பிகளைக் கழற்றி, 600 தாளால் நெக்கை நீளவாக்கில் லேசாக இழுத்து, நாலு சொட்டு எண்ணெய் தேய்த்துத் துடைத்தால் புதுசாகிவிடும். ஸ்டீல் வுல் வேண்டாம், அதன் இரும்புத் துகளைப் பிக்கப்பின் காந்தம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வீணைக்குத் திரும்பவும் மேளம் கட்ட முடிவதால்தான் அது தலைமுறை தாண்டி நிற்கிறது. கிட்டாரும் அப்படி நிற்க வேண்டுமென்றால், வைத்திருப்பவர் தானே தேய்த்துச் சரிசெய்துகொள்ளும்படி அதை முடித்துக் கொடுக்க வேண்டும். முதல்முறையாகச் செய்யப் போகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். ஸ்பிரே கன்னுக்கும் கலருக்கும் செலவழிக்கும் முன் ஒரு பழைய ஜன்னல் சட்டத்தில் நெக் ஒன்றைச் செதுக்குங்கள். துணி தடவிப் பழகிய ஒருவரிடம் அதைக் கொடுங்கள். அவர் கை எங்கும் நிற்காமல் திரும்பி வந்த பிறகு பாடிக்கு மரம் தேடுங்கள்.