கீழே எவ்வளவு இருக்கு?

1851-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையை ஆங்கிலேயர்கள் தொடங்கியது முக்கியமாக நிலக்கரி தேடத்தான். தாமஸ் ஓல்ட்ஹாம் என்ற புவியியலாளர் அதற்காகவே கல்கத்தாவுக்கு வந்தார். தண்ணீருக்கென்று தனி அமைப்பு வர அதற்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1954-ல் ஆழ்துளைக் கிணறு போட்டுப் பார்க்கும் ஓர் அமைப்பாகத் தொடங்கி, 1970-ல் அது மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆனது. 1972-ல் புவியியல் துறையின் நீர்ப் பிரிவையும் அதோடு சேர்த்தார்கள். முதலில் கரி, அப்புறம்தான் தண்ணீர்.

நெய்வேலியில் இந்த வரிசை தலைகீழாக நடந்தது. 1930-களில் அந்தப் பக்கம் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. பின்னால் அரசு ஆய்வுகள் அது பழுப்பு நிலக்கரி என்று உறுதிசெய்தன, 1956-ல் நிறுவனமும் வந்தது. ஆனால் கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே பிளந்து மேலே வந்துவிடும். அதனால் அங்கே இரவு பகலாகத் தண்ணீர் இறைக்கிறார்கள். நீரைத் தேடிப் போய்க் கரியைக் கண்டோம், இப்போது கரிக்காக நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர் கொங்குப் பக்கம். கரியும் இல்லை, அழுத்த நீரும் இல்லை, பாறைதான். தமிழ்நாட்டில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலம் இப்படித்தான். போன கோடையில் சித்தப்பா போன் செய்தார். தென்னந்தோப்புக்கு மூணாவது போர் போடலாமா என்று கேட்டார். முதல் போர் 400 அடி, ரெண்டாவது 800. நீரோட்டம் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்து ஓரிடம் காட்டிவிட்டுப் போயிருந்தார். திருச்செங்கோட்டு வண்டி அடுத்த வாரம் வருமாம்.

"கண்ணு, நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு. கீழ எவ்வளவு இருக்குது?"

அப்பாவின் பங்கு நிலமும் அந்தத் தோப்பில்தான் இருக்கிறது. போர் செலவில் பாதி என்னுடையது. பக்கத்துத் தோட்டத்து அத்தையின் திறந்த கிணறு எங்கள் வரப்பிலிருந்து கூப்பிடு தூரம். அவருக்கு இருப்பது அந்தக் கிணறும் நாலு மாடும்தான்.

பாறைக்குள் எப்படிப் பார்ப்பார்கள் என்று படித்தேன். தரையில் நாலு கம்பி நடுகிறார்கள். வெளியே இருக்கும் ரெண்டில் மின்சாரம் விட்டு, உள்ளே இருக்கும் ரெண்டில் மின்னழுத்தம் அளக்கிறார்கள். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நடும்போது ஆழம் கூடும். ஈரமான பாறை மின்சாரத்தைச் சுலபமாகக் கடத்தும், காய்ந்த பாறை தடுக்கும். ஆனால் களிமண்ணும் சுலபமாகக் கடத்தும். அதனால் கருவி காட்டுவது ஒரு வாய்ப்பை மட்டும்தான், உறுதியை அல்ல. தேங்காயைவிட இது மேல், ஏனென்றால் தான் எங்கே தவறலாம் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

தண்ணீர் எங்கே என்பது ஒரு கேள்வி. எவ்வளவு என்பது வேறு. ரெண்டாவதற்கு அரசிடம் ஒரு கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் ஃபிர்கா வாரியாகப் போடுகிறார்கள். ஒரு வருஷத்தில் மழையாலும் பாசனத்தாலும் உள்ளே இறங்கும் நீரில் எடுக்கத்தக்கது எவ்வளவு, அதில் நாம் எடுப்பது எவ்வளவு. 70 சதவீதம் வரை பாதுகாப்பு. 90-க்கு மேல் அபாயம். 100-ஐத் தாண்டினால் 'அதிநுகர்வு'. எங்கள் ஃபிர்கா நூறைத் தாண்டி வருஷங்கள் ஆகிவிட்டன. வருமானத்தைவிடச் செலவு அதிகம் என்று அர்த்தம். மீதி பழைய சேமிப்பிலிருந்து போகிறது.

சதவீதம் சித்தப்பாவுக்குப் புரியாது என்று நானாக நினைத்துக்கொண்டு, தோப்பு அளவுக்குக் கணக்குப் போட்டேன். எங்கள் பாறையில் நூறு லிட்டர் இடத்தில் வடியும் நீர் ரெண்டு லிட்டர் என்று வைத்தால், ஒரு ஏக்கரில் நீர்மட்டம் 1 மீட்டர் ஏறினால் கிடைப்பது 81,000 லிட்டர். ஏக்கருக்கு 70 மரம், மரத்துக்கு நாளுக்கு 80 லிட்டர். மொத்தம் 5,600. ஒரு மீட்டர் தண்ணீர் பதினாலு நாளில் தீர்ந்துவிடும்.

கேட்டுவிட்டுச் சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "செரி கண்ணு. நான் நிறுத்திப்போட்டா எல்லாரும் நிறுத்திப்போடுவாங்களா?"

இதற்கு எந்த அறிக்கையிலும் பதில் இல்லை. கரி எடுக்க அரசின் குத்தகை வேண்டும். எங்கள் தோட்டத்தில் தண்ணீர் எடுக்க மோட்டார் போதும், விவசாய மின்சாரமும் இலவசம். 1882-ம் வருஷத்துச் சட்டப்படி என் நிலத்துக்கு அடியில் இருப்பதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. பாறை வெடிப்புக்கு வரப்பு தெரியாது. சட்டம் வரப்பை மட்டும்தான் பார்க்கிறது. தமிழ்நாடு 2003-ல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் இயற்றியது, 2013-ல் அதை ரத்தும் செய்தது. இத்தனை அளந்தும், அளவை மீறினால் என்ன என்பது யாருடைய வேலையும் இல்லை. மென்பொருளில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். திரையில் சிவப்பு எரிந்துகொண்டே இருக்கும், அதை எழுந்துபோய்ப் பார்க்கும் பொறுப்பு யார் பெயரிலும் இருக்காது.

அதற்காக அளப்பது வீண் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜனவரி, கோடை, ஆகஸ்ட், நவம்பர் என்று வருஷத்துக்கு நாலு தடவை யாரோ ஒருவர் ஒரு கண்காணிப்புக் கிணற்றில் நாடாவை இறக்கி எண்ணைக் குறிக்கிறார். அந்த எண் இல்லையென்றால் வறட்சிக்கு மழையை மட்டுமே திட்டிக்கொண்டிருப்போம். ஆனால் ஃபிர்காவின் சராசரியில் அத்தையின் கிணறு தெரியாது. அதை நாங்கள்தான் அளக்க வேண்டும்.

மூணாவது போருக்கு என் பங்குப் பணத்தைத் தர மாட்டேன் என்று சொன்னேன். சொட்டுநீருக்கும், ஓரத்து ஒரு ஏக்கரில் மரத்தைக் குறைப்பதற்கும் தருகிறேன் என்றேன். "டவுன்ல இருந்துட்டு நாயம் பேசறது சுலபம்" என்றார். அதில் உண்மை இருக்கிறது. என் அபார்ட்மென்ட்டுக்குத் தினமும் வரும் லாரித் தண்ணீரும் யாரோ ஒருவரின் தோட்டத்து போரிலிருந்து வருவதுதான்.

வண்டியைச் சித்தப்பா தள்ளிப்போட்டிருக்கிறார், வேண்டாமென்று சொல்லவில்லை. இப்போது மாதம் ஒருமுறை அத்தை கிணற்றில் கல் கட்டிய கயிற்றை விட்டு அடி பார்க்கிறார்கள். அத்தை கயிற்றைப் பிடிக்க, சித்தப்பா அவர் வீட்டு மோட்டார் ரூம் சுவரில் கரித்துண்டால் எழுதுகிறார். ஐந்து எண்கள் சேர்ந்திருக்கின்றன. ஐந்தையும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் பார்த்திருக்கிறார்கள்.