குட்டி யானையும் பின் சக்கர டிரம்மும்

டாடா ஏஸ் வண்டி 2005-ல வந்தது. நம்ம ஊரில் அதுக்குக் குட்டி யானைன்னு பேர். எத்தனையோ குட்டி யானைகளுக்கு லோன் பேப்பரில் கையெழுத்துப் போட்டிருக்கேன். அதோட வயித்துக்குக் கீழே எட்டிப் பார்த்தது போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான்.

விவேக் நகரில் எங்க தெருவுக்குத் தண்ணி கேன் போடுற அண்ணாச்சி, திருநெல்வேலிக்காரர், நம்ம பிராஞ்ச் கஸ்டமர். பின் பிரேக் சரியாப் பிடிக்கலைன்னு அவரே கழட்ட உட்கார்ந்தார். நான் எடுபிடி. முன் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்னாடி ஜாக்கியும் ஸ்டாண்டும் வச்சு, வீலைக் கழட்டியாச்சு. டிரம் அசையலை. சுத்தியலை எடுத்தேன்.

"சார், ஹேண்ட் பிரேக்கை விட்டீங்களா?"

பாதுகாப்புக்குன்னு இழுத்து வச்சதே நான்தான். ஹி ஹி.

விட்டும் வரலை. தேய்ஞ்ச டிரம்மோட ஓரத்தில் வரப்பு மாதிரி ஒண்ணு உருவாகி, லைனிங் அதில் மாட்டிக்குமாம். அட்ஜஸ்டரைத் தளர்த்தி, டிரம்மில் இருந்த ரெண்டு மரை ஓட்டையிலும் போல்ட்டை மாத்தி மாத்தி முறுக்கினதும் வெளியே வந்தது. தூசியை ஊதப் போனவரைத் தடுத்தேன். பழைய லைனிங்னா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைச்சோம்.

உள்ளே வீல் சிலிண்டர் ஒழுகி, லைனிங் முழுக்க பிரேக் ஆயில். வியாழக்கிழமை குழந்தை இயேசு ஆலயக் கூட்டத்துக்குள்ளே போய்வந்த வண்டி!

"துடைச்சுட்டு ஓட்டிக்கிறேன் சார். வண்டி நின்னா உங்க தவணையும் நிக்கும்."

சுருக்குன்னு இருந்தது. வேண்டவே வேண்டாம்னுட்டேன். மெக்கானிக் வந்து சிலிண்டரையும் ரெண்டு பக்க லைனிங்கையும் மாத்தி, காத்து எடுத்துக் கொடுக்க நாலு நாள் ஆச்சு.

திங்கட்கிழமை அவர் ஃபைலைப் புரட்டினேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி. எல்லா நகலும் பக்கா. அந்த மாசத் தவணை ஆறு நாள் லேட். நான் போன் பண்ணலை.