ஏற ஆள் இருந்தால்தான் பனை

திருச்செந்தூரைத் தாண்டி உடன்குடிப் பக்கம் போனால் மண் சிவந்துவிடுகிறது. காற்று கொண்டுவந்து குவித்த இந்தச் செம்மணலுக்குத் தேரி என்று பெயர். நெல்லுக்கு ஆகாத மண். பனைக்கு வாய்த்த மண். இங்கே காய்ச்சுகிற கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்களின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்கச் சித்திரை வெயிலில் போயிருந்தேன்.

வெளிச்சம் வந்து நான் போய்ச் சேர்வதற்குள், நான் பார்க்கப் போன பனையேறும் அண்ணாச்சி பாதி மரங்களை முடித்திருந்தார். அறுபதை நெருங்கும் வயது. இடுப்பில் அருவாப்பெட்டி, அதற்குள் பாளை அருவாளும் சுண்ணாம்பும். காலில் தளைநார். மரத்தில் சாய்த்து வைத்த முருக்குத்தடியில் மிதித்து ஏறி, நெஞ்சை மரத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே போனார். கீழே வந்தபோது பார்த்தேன், நெஞ்சிலும் முன்னங்கையிலும் தோல் காய்த்துப் போயிருந்தது.

ஆண்பனை, பெண்பனை இரண்டுமே பதனி தரும். இளம்பாளையைக் கடிப்பால் இடுக்கி நசுக்கிப் பதமாக்கி, நுனியைச் சீவிக் கலயத்தைக் கட்டுகிறார்கள். அதோடு வேலை தீர்வதில்லை. நாள் தவறாமல் பாளையை மெல்லிசாகச் சீவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறல் நின்றுவிடும். “ஒருநா ஏறலன்னா பாளை நம்மள மறந்துரும் தம்பி. நல்லது கெட்டதுக்குக்கூட வெளியூர் போவ முடியாது” என்றார் அண்ணாச்சி. அவர் கணக்கில் முப்பது மரங்கள். காலையும் மாலையும் ஏற வேண்டும். மரத்துக்கு 15 மீட்டர் என்று வைத்தாலும் ஒரு நாளில் 900 மீட்டர் ஏற்றம். மாசி, பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் இதே பாடுதான்.

உணவைக் கெடாமல் காக்கும் வேலை இந்தத் தொழிலில் மரத்தின் உச்சியிலேயே தொடங்கிவிடுகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் ஊறும் சாறு சில மணி நேரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆகவே சுண்ணாம்பு பதனியை மட்டும் காக்கவில்லை, ஏறுகிறவரையும் வழக்கிலிருந்து காக்கிறது. அளவு கைப்பழக்கம்தான். “கொறஞ்சா புளிக்கும், கூடுனா காறும்” என்று விரல்நுனியைக் காட்டினார்.

இறக்கிய பதனி வெயில் ஏறுமுன் விடிலிக்கு வந்தாக வேண்டும். பனையோலை வேய்ந்த அந்தக் குடிசையில் அடுப்பு அவருடைய மனைவியின் ஆட்சி. வடிகட்டிய பதனி அகன்ற தாச்சியில் கொதிக்கிறது. நுரை பொங்கி வழியாமல் இருக்க நசுக்கிய ஆமணக்கு விதையில் ஒரு துளி போடுகிறார். எட்டு, பத்து லிட்டர் பதனி வற்றினால் ஒரு கிலோ கருப்பட்டி. மீதி எல்லாம் ஆவி. அத்தனை தண்ணீரையும் விரட்ட மட்டையும் சில்லாட்டையும் உடைமுள்ளும் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சில மணி நேரம் கழித்துச் சாறு தேன்நிறக் கூப்பனியாகி, பிறகு கருத்துக் குழம்புகிறது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பதம் பார்க்கிறார். பதம் முந்தினால் கட்டி இறுகாது. பிந்தினால் தீய்ந்து கசக்கும். இறக்கிக் கிண்டி, வரிசையாக வைத்த சிரட்டைகளில் ஊற்றுகிறார்.

“அவிய கீழ விழுந்தா நாலுபேரு ஓடி வருவாவ. நான் இந்தப் பொகையில கண்ணு அவிஞ்சு கெடக்கது யாருக்குத் தெரியும்?” என்று கேட்டார் அக்கா. கருப்பட்டியைப் பற்றிய பேச்சில் ஏறுகிறவர் வருகிறார், காய்ச்சுகிறவர் வருவதில்லை. புகைபோக்கி வைத்த அடுப்பு இருந்தால் விறகும் மிஞ்சும், கண்ணும் தப்பும். அதைக் கட்டுவதற்கான காசு ஒரு சீசனில் கையில் நிற்பதில்லை.

ஏன் நிற்பதில்லை என்பதற்குக் காரணம் சந்தையில் இருக்கிறது. சீசன் தொடங்குமுன் மரத்துக்காரருக்குக் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். அதற்கு மொத்த வியாபாரி முன்பணம் கொடுக்கிறார். முன்பணம் வாங்கியவர் சரக்கை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். இன்னொரு பக்கம், வெல்லப்பாகும் சீனியும் கலந்து காய்ச்சிய கருப்பட்டி பாதி விலைக்குக் கடையில் கிடைக்கிறது. ஏறாமலே காய்ச்சிய சரக்கோடு, 900 மீட்டர் ஏறிய சரக்கு போட்டி போடுகிறது.

வாங்குகிறவர்களுக்கு அக்கா சொன்ன சில அடையாளங்கள் உதவும். நல்ல கருப்பட்டி பளபளக்காது. உடைத்த இடத்தில் சீனிப்பரல் மின்னாது. வாயில் போட்டால் இனிப்போடு லேசான உப்புச்சுவையும் புகைமணமும் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கசியும். கசியாமல் கல்லாக நிற்பதைத்தான் சந்தேகப்பட வேண்டும். ஓலைக்கொட்டானில் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படுகிற பரணில் வைத்தால் அடுத்த சீசன் வரை தாங்கும். டப்பாவில் வைப்பவர்கள் ஈரக்கை படாமல் எடுத்தால் போதும்.

அரசும் பனையை மறக்கவில்லை. 2021இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்குவதாகச் சொன்னார்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்ற விதியும் வந்தது. குளக்கரையெங்கும் இளைஞர்கள் விதை ஊன்றுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் இன்று ஊன்றிய விதை பாளை விட 15 வருடமாவது ஆகும். அண்ணாச்சியின் மகன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். தேரியில் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். அந்த மரங்கள் பாளை விடும்போது யார் ஏறுவார்?

விதை நடுகிற ஊர்கள் கூடவே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு. மகளிர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ குத்தகை முன்பணத்தைக் கொடுத்தால், சரக்கை எங்கே விற்பது என்று காய்ச்சுகிறவரே தீர்மானிக்கலாம். நாலைந்து குடும்பத்துக்குப் பொதுவாக ஒரு புகைபோக்கி அடுப்பு போடலாம். ஏறுகிறவருக்குக் காப்பீட்டுத் தொகையைக் குழுவே கட்டலாம். கலப்படமில்லாத கருப்பட்டிக்கு, பதனி இறக்கிய ஊரின் பெயரை ஒட்டி விற்கலாம். இவை எதற்கும் 15 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. வருகிற மாசிக்கு முன்னால் ஊர் கூடிப் பேசினால் போதும்.