வழி கேட்கப் போன பிரிக்பீல்ட்ஸ்

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு நாள், கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொம்யூட்டர் ரயிலில் போய் வந்தேன். சேலை எடுக்கவோ, கல்யாண வீட்டுக்கோ போகவில்லை. வாழ்க்கையில் எடுக்கவிருந்த ஒரு முடிவைப் பற்றிப் பேசத்தான் போனேன்.

நான் தோட்டத் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. உறவினர் ஒருவர் கிள்ளானில் டியூஷன் நிலையம் திறக்கவிருந்தார். உத்தியோகத்தை விட்டுவிட்டு, முப்பதாயிரம் வெள்ளியுடன் கூட்டுச் சேர என்னை அழைத்தார். மூன்று மாதம் ஜெபித்தேன். தடையொன்றும் வராததால், வழி திறந்துவிட்டது என்றே எண்ணிக்கொண்டேன். இருந்தும் இரவில் தூக்கம் வரவில்லை.

கிள்ளான் பாதை பழைய பாதை. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து புக்கிட் கூடா வரை ரயில் ஓடிற்று. ஆற்றுக்குப் பாலம் கட்டிய பிறகே, 1890-இல், கிள்ளான் நகருக்குள் வந்தது. ஷா ஆலமைக் கடக்கும்போது சன்னலோரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு காலத்தில் தோட்டமாக இருந்த மண் அது. அங்கே லயங்களில் குடியிருந்தவர்களும் எத்தனையோ திட்டம் போட்டிருப்பார்கள் அல்லவா?

சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். நகரம் கட்டச் செங்கல் சுட்ட சூளைகளால் வந்த பெயர் அது. பின்னர் ரயில்வே வேலைக்காக யாழ்ப்பாணத்தாரும் தமிழகத்தாரும் இங்கே குடியேறினார்கள். பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. அன்றும் பார்வையற்ற ஒருவர், நண்பரின் தோளில் ஒரு கையும் வெள்ளைப் பிரம்பில் மறு கையுமாகச் சாலையைக் கடந்தார். பிரம்பு இருக்கிறதே என்று தோளை விட்டுவிடவில்லை. தோள் இருக்கிறதே என்று பிரம்பையும் மடக்கிவிடவில்லை. அப்போது அதை அவ்வளவாக நினைக்கவில்லை.

நான் தேடிப் போன அக்காள், ஓய்வு பெற்ற ஆசிரியை. பயிற்சிக் காலம் தொட்டு எனக்காக ஜெபித்து வருபவர். காப்பி கொடுத்துவிட்டு, நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு கேள்விகள் வந்தன. நிலையத்தின் உரிமம் யார் பெயரில்? வாடகை எத்தனை வருடத்துக்கு? பிள்ளைகள் சேராவிட்டால் சம்பளம் எங்கிருந்து வரும்? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

"ஆண்டவரிடம் கேட்டுவிட்டேன் அக்கா," என்றேன்.

"நல்லது. வீட்டுக்காரரிடம் கேட்டாயா?"

நான் தலை குனிந்தேன். "வேண்டாமென்று சொல்லிவிடுவாரோ என்று..."

"அப்படியென்றால், நீ ஆண்டவரிடம் வழி கேட்டாயா, சம்மதம் கேட்டாயா?"

கோபமாகத்தான் வந்தது. ஆனால் பதில் வரவில்லை.

மாலையில் என்னைச் சீயோன் லுத்தரன் ஆலயத்துக்கு அழைத்துப் போனார். 1924-இல் எழுந்த ஆலயம். தரங்கம்பாடித் திருச்சபையின் வழிவந்த தமிழ் லுத்தரன் மக்களுடையது. ஊரையும் உறவையும் விட்டு வந்தவர்களுக்குச் சபையார்தாம் மாமன், மச்சான், அக்காள், தங்கை.

அங்கே உட்கார்ந்து, அப்போஸ்தலருடைய நடபடிகள் 16-ஆம் அதிகாரத்தை நினைவுபடுத்தினார். பித்தினியா நாட்டுக்குப் போகப் பவுல் போட்ட திட்டம் தடைபடுகிறது. துரோவாவில், இரவிலே, மக்கெதோனியாவுக்கு வரும்படி ஒரு தரிசனம் காண்கிறார். "தரிசனம் கண்டவர் ஒருவர்தான். ஆனால் புறப்படத் தீர்மானித்தது 'நாங்கள்' என்றல்லவா எழுதியிருக்கிறது? பவுலுக்கே கூட்டாளிகள் தேவைப்பட்டார்கள், தங்கச்சி," என்றார். வேலையை விடு என்றும் சொல்லவில்லை, விடாதே என்றும் சொல்லவில்லை. என்னோடு முழங்காலிட்டு ஜெபித்து அனுப்பிவைத்தார்.

அன்றிரவே கணவரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பணம் போயிருந்தால் சம்பாதித்துக்கொள்ளலாம். சொல்லாமல் போட்டிருந்தால் நான் என்ன செய்வேன்?" என்றார். அதற்குப் பிறகுதான் கணக்கை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். மகள் படிப்பு முடியும்வரை உத்தியோகத்தை விடுவதில்லை என்று முடிவாயிற்று. உறவினருக்கு வருத்தம். இன்னும் சரியாகப் பேசுவதில்லை. அவர் நிலையம் நன்றாக நடந்தால் எனக்கும் மகிழ்ச்சியே.

வாசகச் சகோதரிகளே, ஜெபம் செய்யும் நமக்கு ஒரு சோதனை உண்டு. நம் விருப்பத்தையே ஆண்டவர் குரல் என்று எண்ணிவிடுவோம். திட்டத்தை யாரிடம் சொல்லப் பயப்படுகிறோமோ, அவரிடமே முதலில் சொல்லிப் பாருங்கள். தடை சொல்லத் துணியும் ஒரு தோழியையும் தேடிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் சாலையில் பார்த்த அந்தப் பிரம்பும் தோளும் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகின்றன.