பழியின் இரண்டாம் பாகம்

கல்கியைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவது ஒருவகையில் ஒழுங்கீனம்தான். நம் சிறு வட்டத்தில் அவர் பெயர் ஏறக்குறைய ஒரு வசைச் சொல்லாகப் பழகிவிட்டது. க.நா.சு. சொன்னதை இன்னும் கூர்மையாக்குவதாக நினைத்துக்கொண்டு நானும் இரண்டு மூன்று கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். அவற்றில் ஒரு வரியையும் வாபஸ் வாங்க உத்தேசமில்லை. ஆனால் 'பொன்னியின் செல்வ'னில் ஒரு இடம் இருபத்தைந்து வருஷமாக என்னை விடவில்லை. ரஸனை ஒப்புக்கொள்ளாத ஒன்று மனசில் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறது என்று யோசித்துப் பார்க்கவே இதை எழுதுகிறேன்.

திருப்புறம்பியம் பள்ளிப்படைக் காட்சி. நடுநிசி, காடு, தீவட்டி வெளிச்சம் – எல்லாம் வழக்கமான ஜோடனைதான். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து அரியாசனத்தில் உட்கார வைக்கிறார்கள். வீரபாண்டியனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனைப் பழிவாங்க வேண்டும். அதற்கான வாள் அந்தக் குழந்தையின் பெயரால் நந்தினியின் கைக்கு மாறுகிறது. பையன் என்ன நினைத்தான், தூக்கம் வந்ததா, பயந்தானா என்பதைப் பற்றிக் கல்கிக்கு அதிக அக்கறை இல்லை. அவருக்கு அடுத்த வாரத்துத் திருப்பம் முக்கியம். எனக்கோ அந்தப் பையன்தான் நாவல். வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டே இருக்கட்டும்.

2023 ஏப்ரல் கடைசியில் மணிரத்னம் படத்தின் இரண்டாம் பாகம் வந்தபோது மச்சினன் பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். படம் இளவயது நந்தினியின் காதலோடு ஆரம்பிக்கிறது. கடம்பூர் மாளிகைக் கொலையில் யார் கை என்பதைக் கல்கி இருட்டிலேயே விட்டுவிட்டார். (அவர் செய்த ஒரே நவீனமான காரியம் இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. வேண்டுமென்றே செய்தாரா என்பது வேறு விஷயம்.) படம் அந்த இருட்டை ஒரு காதல் சோகமாக்கி வெளிச்சம் போட்டுவிட்டது. திரும்பி வரும்போது பையன் கேட்டான்: "மாமா, அந்தச் சின்னப் பையன் பெருசாயி பழிவாங்க வருவானா? மூணாம் பாகம் இருக்கா?"

நல்ல விமர்சகன்தான். பழி என்று ஒன்று கதைக்குள் வந்துவிட்டால் அது ஒரு பாகத்தோடு அடங்காது. கொன்றவனுக்கு மகன் இருப்பான், செத்தவனுக்கும் மகன் இருப்பான். கல்கியின் தொடர் 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்தது. முடிந்துவிட்டதா என்று வாசகர்கள் குறைபட்டுக்கொள்ள, அவர் ஒரு முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த டிசம்பரிலேயே காலமாகிவிட்டார். பிறகு 'அமுதசுரபி' விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சி எழுதினார். அதற்கப்புறமும் தொடர்ச்சிகள் வந்துகொண்டேயிருக்கின்றன. இவற்றை வியாபாரம் என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நானும் அப்படித்தான் ஒதுக்கினேன். ஆனால் வியாபாரிக்குக்கூட ஒரு பசி தெரிந்திருக்கிறது. அந்தப் பசி எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையம் போகும் வழியில் உள்ளடங்கியது. வாசலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். தாத்தாவுக்கும் அவருடைய பங்காளிக்கும் கிணற்றில் முறைத்தண்ணீர்த் தகராறு. ஒருநாள் விடியற்காலை, மடை திருப்பும்போது, மண்வெட்டிக் காம்பால் தாத்தாவின் விலாவில் அடி விழுந்திருக்கிறது. நாலு மாதம் கழித்து அவர் இறந்தார். அடியால் இறந்தாரா, அந்த வருஷம் ஊரில் பலருக்குக் கண்ட காமாலையால் இறந்தாரா என்பதை யாரும் நிச்சயமாகச் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நிச்சயமாகத் தெரியும். அவர்கள் வீட்டிலும் நிச்சயமாகத் தெரியும். இரண்டு நிச்சயங்களும் வேறு வேறு.

ஆயா எனக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டே சொல்வாள்: "அந்த ஊட்ல பச்சத் தண்ணி குடிக்காத. நீ பெரியவனாயி..." அந்த வாக்கியத்தை அவள் முடித்ததே இல்லை. பெரியவனாகி என்ன செய்ய வேண்டும்? அடிக்க வேண்டுமா, கேஸ் போட வேண்டுமா, கிணற்றை வாங்க வேண்டுமா? 'தொடரும்' என்று போட்டதுபோல ஒவ்வொரு ராத்திரியும் அங்கேயே நின்றுவிடும். அதே வருஷங்களில்தான், பக்கத்து வீட்டு வாத்தியார் கொடுத்த பைண்டு வால்யூம்களில் திருப்புறம்பியத்துப் பையனைப் படித்தேன். வாள் கனமாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. இலக்கிய அனுபவம் என்று நாம் பெரிதாகப் பேசுவது சில சமயம் இவ்வளவுதான்: மட்டமான விளக்கில் நம் முகம் தெரிந்துவிடுகிறது.

பி.ஏ. ஆங்கிலம் படிக்கும்போது 'ஹாம்லெட்' பாடமாக வந்தது. தகப்பன் ஆவியாக வந்து மகனிடம் வேலை கொடுக்கிறான். மகன் செய்யவும் முடியாமல் விடவும் முடியாமல் ஐந்து அங்கம் அல்லாடுகிறான். வகுப்பில் தயக்கத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். பழி என்பது சொத்தைப்போல எழுதிவைக்கப்படுகிற ஒன்று, வாரிசு மறுக்க முடியாத ஆஸ்தி என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை நான் பிற்பாடு, ஒரு கோயில் சுவரில்தான் பார்த்தேன்.

போன வருஷம் இரண்டு நாள் லீவு சேர்ந்து வந்தபோது விருத்தாசலம் வழியாகக் காட்டுமன்னார்கோயில் போனேன். வீராணம் ஏரியை ஒட்டிய உடையார்குடி, அனந்தீசுவரர் கோயில். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. நீலகண்ட சாஸ்திரி பதிப்பித்து விவாதித்தது, பிறகு பலர் பலவிதமாக வாசித்தது. கல்கிக்கும் தெரிந்ததுதான், ரவிதாசன் என்ற பெயரே அங்கிருந்து வந்ததுதான். கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராயன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராயன் ஆகியோர் பெயர் வருகிறது. காட்டில் மந்திரம் போடுகிறவர்கள் அல்ல, பட்டம் பெற்ற அதிகாரிகள். சகோதரர்கள் என்றும் தெரிகிறது. வாளுக்குப் பூஜை செய்யும் அழகியும் இல்லை, குழந்தையும் இல்லை.

படிக்கத் தெரிந்து படித்தேன் என்று சொல்ல மாட்டேன். அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல்லைத் தடவிப் பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வாசகம் எந்த ஜாதியைச் சேர்ந்தது என்பது குமாஸ்தாவான எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது புலம்பல் அல்ல, வீரப்பா அல்ல. அது ஒரு சொத்துப் பத்திரம். ஒரு இளவரசனின் கொலை கல்லில் ஏறியதே நிலம் கைமாறிய விவரத்துக்காகத்தான். துரோகிகளின் தம்பிமார், மக்கள், மனைவிமார், பெற்ற தாய், அப்பன்வழிப் பெரியவர்கள், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்களுடைய சகோதரிகளைக் கட்டியவர்கள், மகள்களைக் கட்டியவர்கள் – இத்தனை பேர் உடைமையும் அரசன் ஆணைக்குள் வந்துவிடுகிறது. ஜப்தி நோட்டீஸில்கூட இவ்வளவு முழுமையான உறவு ஜாபிதாவை நான் பார்த்ததில்லை. அந்த நிலத்தில் ஒரு பகுதியை ஒருவர் விலைக்கு வாங்கித் தண்ணீர் வார்க்கவும் பிராமணர்களுக்கு உணவளிக்கவும் தர்மமாக விடுகிறார். அதைப் பதியத்தான் கல்வெட்டு.

கொலைக்கும் இந்தக் கல்லுக்கும் இடையில் சுமார் பதினாறு வருஷம். உத்தம சோழன் ஆண்ட காலம். 985-இல் ராஜராஜன் பட்டத்துக்கு வந்த பிறகே காரியம் நடக்கிறது. ஏன் இந்தத் தாமதம் என்று ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். தொடர்ச்சி எழுதுகிறவர்களுக்கு இந்தப் பதினாறு வருஷம்தான் மூலதனம். எனக்கு அந்தப் பதினாறு வருஷத்தில் மகள்களைக் கட்டியவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள். கல்யாணம் நடந்தபோது இவர்களில் எத்தனை பேருக்கு, தாங்கள் ஒரு கதையின் இரண்டாம் பாகத்தில் பெயர் இல்லாமல் வரப்போகிறோம் என்று தெரியும்?

நிலம் இல்லாதவனுக்குப் பழி உண்டா என்ற கேள்வியும் அங்கிருந்துதான் கிளம்பியது. பாங்கு வேலையாக வெள்ளிமலைக்குப் போகும்போது மலையாளி இனப் பெரியவர் ஒருவரோடு பேசுவதுண்டு. கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அவர் வயதுக்காரர்கள் ஜாகீர்தார் நிலத்தில் கூலியில்லாமல் உழைத்தவர்கள். அதை அவர் மழை பெய்த வருஷம், பெய்யாத வருஷம் சொல்வதுபோலச் சொல்வார். கோபமில்லையா என்று கேட்டேன். "கோவப்பட்டு யார்கிட்ட போவுறது சார்" என்றார். இதை உன்னதமான மன்னிப்பு என்று எழுதினால் அது நம் நகரத்து அசட்டுத்தனம். பழி சமமானவர்களுக்கு நடுவில் ஓடுகிற சரக்கு. ராஜாவுக்கும் ராஜாவுக்கும், பங்காளிக்கும் பங்காளிக்கும். அவருக்கு அந்த வசதியும் கிடைக்கவில்லை.

வாரிசு என்றதும் இன்னொரு இடம் வருகிறது, அதுவும் எங்கள் மாவட்டம்தான். திருக்கோவலூர் மலையமானின் பிள்ளைகளைப் பிடித்துக் கிள்ளிவளவன் யானைக் காலில் இடப்போகிறான். கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடுகிறார். புறநானூற்றில் 46-ஆம் பாட்டு. அவன் குலத்துக் கொடையைச் சொல்லி, இவர்கள் குலத்துக் கொடையையும் சொல்லி, கடைசியில் பிள்ளைகளைக் காட்டுகிறார்: அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்து, கூடியிருக்கும் புதுமுகங்களைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். பகைவனின் வாரிசு என்று அங்கே யாரும் இல்லை. யானை பார்க்கிற பிள்ளைகள்தான் இருக்கிறார்கள். கல்கி ஐந்து பாகத்தில் பார்க்காததைக் கிழவர் சில வரிகளில் பார்த்துவிட்டார். (ஆதித்த கரிகாலனின் தாய் வானவன்மாதேவியும் மலையமான் மகள்தான். சரித்திரம் இப்படியெல்லாம் சுற்றிக்கொண்டு வருவதை நாவலில் எழுதினால் நாமே நம்ப மாட்டோம்.)

இவ்வளவும் எழுதியபின் கடைசியாக ஒன்றைச் சொல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் படிப்பு.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு நகைக்கடன் ஸெக்ஷன். கெடு தாண்டிய கணக்குகளுக்கு ஏல நோட்டீஸ் தயார் செய்துகொண்டிருந்தேன். ஜாபிதாவில் ஒரு பெயர். தகப்பன் பெயரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அந்த வீட்டுப் பேரன். ஐந்து பவுன் தாலிச்சரடு. நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் போகும், அது விதி. தெரிந்தவர்களாயிருந்தால் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது வழக்கம். 'வட்டியைக் கட்டி மாத்தி வெச்சுக்கப்பா' என்றால் போதும். அன்று ஏழெட்டுப் பேருக்குச் சொன்னேன். அவனுக்குச் சொல்லவில்லை. அவன் நம்பர் எதிரிலேயே இருந்தது.

நான் எந்தத் தப்பும் செய்யவில்லை. எந்த ஆடிட்டரும் குறை சொல்ல முடியாது. மண்வெட்டி இல்லை, வாள் இல்லை. ஒரு போன் பண்ணாமல் இருந்தேன், அவ்வளவுதான். பத்து நாள் அப்படியே இருந்தேன். அந்தப் பத்து நாளும் ஆயா முடிக்காத வாக்கியம் காதில் இல்லை என்பதுதான் ஆச்சரியம். ராத்திரி நன்றாகவே தூக்கம் வந்தது. அவளுக்காகவோ தாத்தாவுக்காகவோ செய்ததாக என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. தாத்தா முகமே எனக்குத் தெரியாது. இந்த நாட்களில்தான் ஒரு இளம் கவியின் தொகுதிக்கு, வன்முறையின் நுண் தளங்கள் பற்றி மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தேன். அது அச்சிலும் வந்தது.

ஏலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் வந்தான். கரும்புப் பணம் வந்திருந்தது போலிருக்கிறது. சட்டையெல்லாம் வேர்வை. வட்டியைக் கட்டி மாற்றி வைத்துவிட்டு, கவுண்டர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"அண்ணே, வந்து சேந்துட்டேன். நீங்க இங்க இருக்கறது தெரியும். எப்படியும் ஆள் உட்டுச் சொல்லி அனுப்புவீங்கன்னு ஊட்ல சொல்லிக்கிட்டே இருந்தேன்."

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ரசீதில் முத்திரை வைத்துக்கொண்டிருந்தேன். கிணறு என்ன ஆச்சு என்று கேட்டேன்.

"அத மூடி எட்டு வருஷமாச்சுங்கண்ணே. போர் போட்டுட்டோம். அதுலயும் தண்ணி இல்ல." சிரித்தான். பிறகு, வெயில் தாங்கவில்லை, குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டான். என் பாட்டிலை நீட்டினேன். அண்ணாந்து குடித்துவிட்டு, மூடியைச் சரியாகத் திருகிக் கம்பி வழியாகத் திருப்பிக் கொடுத்தான்.