கசிவின் ஊற்றுக்கண்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது உதகமண்டலம். திசம்பர், சனவரி மாதங்களில் அதன் சுற்றுப்புறங்களில், குறிப்பாகத் தலைக்குந்தாப் புல்வெளிகளில், வைகறைதோறும் உறைபனி வெண்மை போர்த்திக் கிடக்கும். கதிரவன் மேலெழுந்த சிறிது நேரத்தில் அது கரைந்துவிடும். பத்து மணிக்கு அங்கு வந்து நிற்பவர், அப்புல்வெளி விடியலில் வெளுத்துக் கிடந்தது என்று சொன்னால் நம்பமாட்டார். பழுதுகளிலும் இப்படி விடியலில் மட்டும் முகங்காட்டி மறைபவை உண்டு.

அப்பகுதியில் சிறு தேயிலை விவசாயி ஒருவர் இருந்தார். அவருடைய தந்தை விட்டுச்சென்றவை இரண்டு: ஓர் ஏக்கர் தேயிலை, ஒரு பிரீமியர் பத்மினி மகிழுந்து. 1964ஆம் ஆண்டு பியட் 1100 டிலைட் என்னும் பெயரில் பம்பாயின் குர்லா தொழிற்சாலையில் உருவாகத் தொடங்கிய வண்டி அது. பின்னாளில் சித்தூர் அரசி பத்மினியின் பெயரைப் பெற்றது. தயாரிப்பு நின்று பல ஆண்டுகள் கடந்துவிட்ட பின்னும், பழைய வண்டிகளைப் பேணுவோரிடம் அது இன்றும் ஓடுகிறது.

அவ்வண்டியில் சில நாள்களாகப் பெட்ரோல் நெடி வீசியது. முதல் பணிமனையில் ஒரு கிளாம்ப்பை இறுக்கி அனுப்பினார்கள். நெடி குறையவில்லை. இரண்டாம் பணிமனையில், இயந்திரத்தின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்பின் அடியில் ஈரம் பட்டிருந்த தடத்தைக் கண்டு, பம்பையே மாற்றினார்கள். பணம் செலவாயிற்று, நெடி மட்டும் தங்கிவிட்டது. மூன்று நாள்களில் தாயைக் கண் சிகிச்சைக்காகக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் செல்லவேண்டும். இந்தக் கவலையோடு அவர் மூன்றாவதாக ஒரு முதிய மெக்கானிக்கிடம் போனார்.

பெரியவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். நேரம் முற்பகல் பதினொன்று. எங்கும் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“நெடி எப்ப வருது தம்பி?”

“காலையில வண்டியைக் கிளப்பும்போது அண்ணே. கொஞ்ச தூரம் ஓடினதும் நின்னுடுது.”

“அப்ப வண்டி இன்னைக்கு ராத்திரி இங்கேயே பனியில நிக்கட்டும். விடியறதுக்கு முன்னாடி வந்துடுங்க.”

விவசாயிக்குச் சினம் மூண்டது. “ஏதாவது ஒட்டிக் கொடுங்க அண்ணே. கோயம்புத்தூர் போயிட்டு வந்து நிதானமாப் பார்த்துக்கலாம்” என்றார்.

பெரியவர் தலையசைத்து மறுத்தார். “அம்மாவை உட்காரவெச்சு இறக்கத்துல ஓட்டப்போற வண்டி இது. எங்க ஒழுகுதுன்னு தெரியாம சாவியைக் கொடுக்கமாட்டேன். அவசரம்னா பஸ்ல கூட்டிட்டுப் போங்க.”

அம்மறுப்பு வெறும் பிடிவாதமன்று. பெட்ரோல் சுழியத்திற்குக் கீழே 40 பாகை செல்சியசு குளிரிலும் தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும் இயல்புடையது. ஆகவே உதகையின் எந்தக் குளிரும் அதற்குக் காவலாகாது. அதன் ஆவி காற்றைவிடக் கனமானது. எளிதில் மேலெழுந்து கலைந்துவிடாமல் தாழ்வான இடங்களில் தேங்கி நிற்கும். எரிபொருள் செல்லும் வழிக்குச் சற்றுத் தொலைவிலேயே சூடேறிய புகைக்குழாயும் மின்பொறி எழும் பாகங்களும் இருக்கின்றன. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமுமாக இறங்கும் சாலையில், வண்டியின் முன்பகுதியில் தீப்பிடித்தால் ஒதுங்கி நிற்க இடமும் எளிதில் வாய்க்காது.

மறுநாள் விடியலில் இருவரும் கம்பளிக்குள் கைகளை ஒடுக்கிக்கொண்டு வண்டியருகே நின்றனர். பெரியவர் மணல் வாளி ஒன்றை அருகில் வைத்தார். தீக்குச்சியோ பீடியோ அப்பக்கம் வரக்கூடாது என்றார். முதலில் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவி முகர்ந்தார். பம்பின் உள்ளே டயாப்ரம் எனப்படும் மெல்லிய சவ்வு உண்டு. அது கிழிந்தால் பெட்ரோல் இயந்திர எண்ணெயோடு கலக்கக்கூடும். எண்ணெய் நீர்த்துப் பெட்ரோல் நெடி வீசும். கம்பியில் அந்த நெடி இல்லை. பின்னர்ப் பம்பு, ரப்பர் குழாய், கார்புரேட்டர் அனைத்தையும் உலர்ந்த துணியால் துடைத்து, அவற்றின்மேல் சாக்பீசுத் தூளைத் தூவினார்.

“இப்பக் கிளப்புங்க” என்றார்.

இயந்திரம் இருமிக்கொண்டு உயிர்பெற்றது. சில நொடிகளில் வெண்தூளின்மேல் ஒரு கருங்கோடு பிறந்தது. அது பம்பில் தொடங்கவில்லை. மேலே, கார்புரேட்டருடன் ரப்பர் குழாய் இணையும் முனையில், கிளாம்ப்பின் விளிம்பில் தோன்றி, குழாயின் புறத்தே வழிந்து, பம்பின் அடிக்கு வந்து சொட்டியது. சொட்டிய இடத்தைக் கண்டவர்கள் பம்பை மாற்றினார்கள். ஊறிய இடத்தை ஒருவரும் காணவில்லை.

இயந்திரத்தை நிறுத்தி, மின்கல இணைப்பைக் கழற்றிய பின்னர்ப் பெரியவர் அக்குழாயை வெட்டி எடுத்தார். கிளாம்ப் கவ்வியிருந்த இடத்தில் ரப்பர் பிளந்திருந்தது. வயதாலும் வெப்பத்தாலும் விறைத்துப்போன ரப்பர் குளிரில் மேலும் இறுகிச் சுருங்கும். அப்போது பிளவு வாய் திறக்கும். இயந்திரம் சூடேறியதும் ரப்பர் விரிந்து இளகிப் பிளவு மூடிக்கொள்ளும். பகலில் வந்த வண்டியில் எவரும் பழுதைக் காணாமைக்கு அதுவே காரணம். முதல் பணிமனையில் கிளாம்ப்பை இறுக்கியது, விறைத்த ரப்பரை மேலும் அறுத்திருந்தது.

ரப்பர் தளர்ந்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. 2025இல் இந்தியா 20 விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. அத்தகைய எரிபொருளை எண்ணிச் செய்யப்படாத பழைய ரப்பர்க் குழாய்கள் அதனால் உப்பியும் தளர்ந்தும் வெடிக்கக்கூடும். ஆகவே பெரியவர் ஒரு குழாயோடு நிறுத்தவில்லை. ஒரே வயதுடைய எல்லாக் குழாய்களையும் அகற்றி, எத்தனாலைத் தாங்கும் புதிய குழாய்களைப் பொருத்தினார். கிளாம்ப்புகளைக் குழாய் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்கினார்.

“வேலை முடிஞ்சுதா அண்ணே?”

“நாளைக்குக் காலையில பனிதான் சொல்லணும் தம்பி.”

அந்த இரவும் வண்டி பனியிலேயே நின்றது. மறு விடியலில் மீண்டும் துடைத்தார். மீண்டும் தூள் தூவினார். இயந்திரம் கால் மணி நேரம் ஓடியது. தூள் வெண்மையாகவே இருந்தது.

நோயை அறிந்து, நோயின் காரணத்தை அறிந்து, பின்னரே தணிக்கும் வழியை நாடவேண்டும் என்பது திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் காட்டும் நெறி. பெரியவர் அதைச் சொல்லவில்லை, செய்தார். முன்னிருவரிடம் கருவிகளுக்குக் குறைவில்லை. பழுது வெளிப்படும் வேளைவரை காத்திருக்கும் பொறுமைதான் அவர்களிடம் இல்லை.

அடுத்த நாள் காலை, தாயை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு பத்மினி மலையிறங்கியது. குன்னூரைத் தாண்டும்போது தாய் கண்ணாடியைச் சற்றே இறக்கி மூச்சை இழுத்தார்.

“இப்ப யூக்கலிப்டஸ் வாசந்தான் வருது” என்றார்.