பந்து வருவதற்கு முன்

கொலம்பஸில் எனக்குக் கால்பந்தின் நடுக்கள ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பெரியவர். கால்பந்து வீரர் டார்லிங்டன் நாக்பேயின் பெயரைச் சொன்னாலே அவர் நிமிர்ந்து நிற்பார். 1990இல் லைபீரியாவின் மன்ரோவியாவில் பிறந்தவர் நாக்பே. உள்நாட்டுப் போரின்போது, கைக்குழந்தையாக இருந்த அவரைத் தூக்கிக்கொண்டு அவருடைய தாய் அந்த நாட்டைவிட்டு வெளியேறினார். தந்தை ஜோ நாக்பே லைபீரிய தேசிய அணிக்கு ஆடியவர். அவர் ஐரோப்பாவில் எங்கெல்லாம் பந்தாடினாரோ அங்கெல்லாம் குடும்பமும் போனது. பதினொரு வயதில் ஒஹாயோவுக்கு வந்த டார்லிங்டன், ஆக்ரன் பல்கலைக்கழக அணியில் ஆடி 2010இல் தேசியக் கல்லூரிப் பட்டத்தை வென்றார். மறு ஆண்டு அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகின் போர்ட்லாந்து டிம்பர்ஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது.

அந்த 2011இல் அவர் அடித்த ஒரு கோல்தான் என்னை மயக்கியது. பந்தைத் தரையில் விழவிடாமல் தட்டி எழுப்பி, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே வலைக்குள் அனுப்பினார். லீகில் அந்த ஆண்டின் சிறந்த கோலாகத் தேர்வானது அதுதான். நானும் அதையே பழகிக்கொண்டிருந்தேன். ஆசான் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அது ஒரு நாள் நடந்தது. மற்ற நாளெல்லாம் அவர் பந்தை இழப்பதில்லை. அதைப் படி.”

பாஸை வாங்குவதிலேயே தடுமாறினேன். பந்து வரும்போது என் கணுக்கால் இறுகிவிடும். ஷூவின் உட்பக்கத்தில் ‘டொக்’கென்று மோதி, எதிராளியின் காலுக்கே ஓடிவிடும். மரத்திலிருந்து விழும் மாங்காயை அடிபடாமல் துண்டில் ஏந்துவதுபோல, தொடும் கணத்தில் காலைச் சற்றுப் பின்வாங்க வேண்டும். ஆசான் சத்தத்தை வைத்தே திருத்துவார். திரும்பி நின்றபடி “மறுபடி” என்பார். பார்க்கத் தேவையே இல்லை அவருக்கு.

சத்தம் அடங்கிய பிறகுதான் உண்மையான கஷ்டம் தொடங்கியது. எனக்குப் பின்னால் ஒருவர் சிவப்பு அல்லது மஞ்சள் துணியைத் தூக்கிக் காட்டுவார். பந்து என்னை வந்தடையுமுன் நான் நிறத்தைச் சொல்லியாக வேண்டும். திரும்பிப் பார்த்தால் பந்து தவறும். பந்தைப் பார்த்தால் நிறம் தவறும். மாதக்கணக்கில் இதே கதைதான். சில நாள் யூகித்துச் சொல்வேன், கண்டுபிடித்துவிடுவார். “பந்து உன்னிடம் வந்த பிறகு பார்ப்பது தாமதம். அது இன்னொருவர் காலில் இருக்கும்போதே பார்” என்பார். நிற்கும் விதத்தையும் மாற்றினார். பந்துக்கு நேராக மார்பைக் காட்டி நின்றால் பாதி மைதானம் முதுகுக்குப் பின்னால் போய்விடும். இடுப்பைப் பக்கவாட்டில் திறந்து, தூரத்துக் காலில் பந்தை வாங்கினால், வாங்கும்போதே திரும்பியும் ஆகிவிடுகிறது.

ஒரு மழை மாலையில் “மஞ்சள்” என்று சொன்ன அதே மூச்சில் திரும்பி, எதிர்ப்பக்கத்துக்கு பாஸ் கொடுத்திருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. ஆசான் எதுவும் சொல்லவில்லை. அடுத்த பந்தை இன்னும் வேகமாக அனுப்பினார்.

2015 லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில், எங்கள் ஊர் மைதானத்திலேயே எங்கள் ஊர் அணியான கொலம்பஸ் க்ரூவை வீழ்த்திய போர்ட்லாந்து அணியில் இருந்தவர் நாக்பே. அந்த ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமையும் பெற்றார். அட்லாண்டாவோடு 2018இல் கோப்பை வென்றுவிட்டு, பிறகு க்ரூவுக்கே வந்தார். 2020இல் க்ரூ வென்றபோது, கோவிட் காரணமாக இறுதி ஆட்டத்தில் அவரால் ஆட முடியவில்லை. 2023 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் எஃப்சியை 2-1 என்று வென்றபோது அவரே அணித்தலைவர். அந்த ஆட்டத்தில் நான் பந்தைப் பின்தொடரவில்லை; அவர் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ் வருமுன் இடப்புறம் ஒரு பார்வை, வலப்புறம் ஒரு பார்வை. அரங்கம் முழுக்கக் கோலுக்காகக் கத்தியபோது, அந்தச் சின்னத் திரும்பலுக்கு எத்தனை வருட உழைப்பு என்பது எனக்குப் புரிந்தது.

இப்போது தற்காப்பு வரிசைக்கு முன்னால் ஆசான் என்னைத்தான் நிறுத்துகிறார். போன வாரம் ஆட்டம் முடிந்ததும் தோளைத் தட்டி, “இனி இடது கால்” என்றார்.